புள்ளி வைக்காத அலகு

கூந்தன்குளத்தின் கரையில் நின்றபடி என் குறிப்பேட்டில் 'டால்மேஷியக் கூழைக்கடா, ஒன்று' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டு வைத்தேன். அந்தக் கேள்விக்குறியை அப்போது என் நேர்மையின் அடையாளமாக நினைத்துக்கொண்டேன். இன்று பார்த்தால், ஆசைக்கும் அறிவுக்கும் நடந்த இழுபறியில் ஆசை வென்றதன் அடையாளமாகத்தான் தெரிகிறது. குளத்தின் நடுவே, நாட்டுக்கருவேல மரங்களுக்கு அப்பால், மற்றக் கூழைக்கடாக்களிலிருந்து சற்று ஒதுங்கி ஒரு பறவை மிதந்துகொண்டிருந்தது. உடல் பழுப்பேறிய வேட்டியின் நிறத்தில் இருந்தது. நீண்டு வெளிறிய அலகில் ஒரு புள்ளிகூட இல்லை. புள்ளி அலகுக் கூழைக்கடாவுக்குப் புள்ளிதானே அடையாளம், அது இல்லையென்றால் இது வேறு இனமாகத்தான் இருக்க வேண்டும், வெண்மையும் போதாது என்பதால் டால்மேஷியக் கூழைக்கடாவைத் தவிர வேறு எதுவாகவும் இருக்க முடியாது என்று என் வாதம் ஓடியது. குளிர்காலத்தில் குஜராத்துக்கும் ராஜஸ்தானுக்கும் வந்து போகும் ஒரு பறவையைத் திருநெல்வேலிச் சீமையில் பார்த்துவிட்டோம் என்ற பரவசத்தில், வாதத்தின் ஓட்டைகள் என் கண்ணில் படவில்லை.

கரையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், நான் கைகாட்டிய திசையில் பைனாகுலர் இல்லாமலே பார்த்தார்.

"அதுவா? அதுக்கு இன்னும் புள்ளி வைக்கல தம்பி. போன வருசத்துக் குஞ்சு அது. அடுத்த வருசம் வந்து பாருங்க, வச்சிருக்கும்."

அவர் சொன்னது முழுக்கச் சரி. புள்ளி அலகுக் கூழைக்கடாவின் குஞ்சுக்கு முதலில் வெண்ணிறத் தூவி. பிறகு சாம்பலும் பழுப்பும் கலந்த இறகு. மேலலகின் ஓரத்தில் வரிசையாக அமையும் கருநீலப் புள்ளிகள் ஓராண்டு கழிந்த பின்னரே தோன்றத் தொடங்குகின்றன. முதிர்ந்த பறவையின் முழுக்கோலம் வருவதற்கு மூன்றாம் ஆண்டு ஆகிவிடும். பெயரிலேயே புள்ளி இருக்கும் பறவை, தன் வாழ்வின் முதல் ஆண்டைப் புள்ளியில்லாமல்தான் கழிக்கிறது.

ஓலைச்சுவடிகளைப் படிக்கப் பழகியவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதன்று. ஓலையில் எழுதியவர்கள் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. கூரிய எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். எது 'க', எது 'க்' என்பதைப் படிப்பவர் முன்னும் பின்னும் பார்த்து, இடம் அறிந்து தீர்மானிக்க வேண்டும். நான் அன்று எழுத்தை மட்டும் பார்த்தேன், இடத்தைப் பார்க்கவில்லை. பெரியவருக்கு இடம் தெரிந்திருந்தது. அதன் பிறகு சில ஆண்டுகளாக இந்த இரண்டு பறவைகளையும் அருகருகே வைத்துப் படித்தும் பார்த்தும் வருகிறேன். அவற்றைப் பிரித்துக் காட்டுவது அலகோ இறகோ அன்று, கூடு வைக்கும் இடம்தான் என்ற எண்ணம் எனக்குள் மெல்ல மெல்ல வலுத்திருக்கிறது.

முதலில் பெயர்கள். 'கூழை' என்றால் குட்டையானது, நீளம் குறைந்தது. 'கடா' என்றால் எருமையின் ஆண், ஆட்டின் ஆண். உடலோடு ஒட்டிய மொட்டை வாலும், நீரில் அசையாமல் கிடக்கும் கனத்த உடலும் கொண்ட ஒரு பறவைக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை யாரும் வைத்திருக்க முடியாது என்பது என் கட்சி. அறிவியல் பெயர்களின் கதை வேறு. பிலிப்பைன்ஸிலிருந்து கிடைத்த ஒரு பறவையை வைத்து பிரெஞ்சு விலங்கியலாளர் பிரிசோன் 1760இல் எழுதிய விவரணையைக் கொண்டு, 1789இல் ஜெர்மானிய இயற்கையியலாளர் கிமெலின் புள்ளி அலகுக் கூழைக்கடாவுக்கு பிலிப்பைன்ஸின் பெயரைச் சூட்டினார். ஆனால் பிலிப்பைன்ஸில் அந்தப் பறவை இன்று இல்லை. இருபதாம் நூற்றாண்டு முடியும் முன்பே அங்கிருந்து மறைந்துவிட்டது. மற்றொன்றை 1832இல் ஜெர்மானியப் பறவையியலாளர் புரூக் விவரித்தபோது, பிடரியில் சுருண்டு நிற்கும் இறகுகளைக் கண்டு 'கிரிஸ்பஸ்', அதாவது சுருள்முடியுடையது, என்று லத்தீனில் பெயரிட்டார். பொதுவழக்கில் அது ஏட்ரியாட்டிக் கடலோரத்து டால்மேஷியாவின் பெயரைப் பெற்றது. அந்த டால்மேஷியாவிலும் இப்போது அது கூடு கட்டுவதில்லை. நிலத்தை விற்றுவிட்டு வந்த பிறகும் ஊர்ப்பெயரின் முதலெழுத்தை இனிஷியலாகச் சுமந்து திரியும் மனிதர்களைப் போல, இரண்டு பறவைகளும் தாம் இழந்த ஊர்களின் பெயரில் அறியப்படுகின்றன.

உலகில் கூழைக்கடா இனங்கள் 8. அவற்றுள் இந்தியாவில் பார்க்கக் கூடியவை மூன்று. மூன்றாவதான பெரிய வெள்ளைக் கூழைக்கடாவை அடையாளம் காண்பது எளிது: பறக்கும்போது சிறகின் அடியில் வெள்ளையும் கறுப்பும் கோடு போட்டதுபோல் பிரிந்து தெரியும்; கால்கள் இளஞ்சிவப்பு; பை மஞ்சள். குழப்பம் எல்லாம் மற்ற இரண்டுக்கும் இடையில்தான். இரண்டின் சிறகடியும் மங்கிய சாம்பல்வெள்ளை. இரண்டின் கால்களும் சாம்பல் அல்லது கருமை சார்ந்தவை. இரண்டுக்கும் பிடரியில் கலைந்த முடி உண்டு. டால்மேஷியனின் கண் வெளிர்மஞ்சளாக இருக்கும், இனப்பெருக்கக் காலத்தில் அதன் பை செம்மஞ்சளாகப் பழுத்துவிடும் என்று கையேடுகள் சொல்கின்றன. புள்ளி அலகின் பையோ இளஞ்சிவப்புக்கும் ஊதாவுக்கும் இடைப்பட்ட நிறத்தில், வெளிறிய திட்டுகளோடு இருக்கும். ஆனால் பையின் நிறம் பருவத்தோடு வந்து பருவத்தோடு போவது; நானூறு மீட்டர் தொலைவில், கானல் ஆடும் நீர்ப்பரப்பில், கண்ணின் நிறத்தைப் பார்த்தேன் என்று சொல்பவரை நான் நம்புவதில்லை. அந்தத் தொலைவில் நாமே நிறத்தைப் பூசிக்கொள்கிறோம். நான் பூசியதும் அப்படித்தான்.

நின்று பேசக்கூடிய வேறுபாடு எடை. புள்ளி அலகுக் கூழைக்கடா 125 முதல் 152 சென்டிமீட்டர் நீளம், 4 முதல் 6 கிலோ எடை. டால்மேஷியக் கூழைக்கடா 160 முதல் 183 சென்டிமீட்டர் நீளம். எடை 7 கிலோவில் தொடங்கி, பெரிய ஆண்களில் 12ஐத் தாண்டி 15ஐக்கூடத் தொடும். விரித்த சிறகின் அகலம் 3 மீட்டருக்கு மேலும் போகும். பறக்கும் பறவைகளில் மிகக் கனமானவற்றுள் அது ஒன்று. ஒன்றன் எடை மற்றதன் எடைக்கு ஏறத்தாழ இரட்டிப்பு. இதைப் படிக்கும்போது வெறும் எண்ணாகத் தெரியும். ஒரு மரக்கிளையை நினைத்துக்கொண்டு படித்தால் வேறு மாதிரித் தெரியும்.

கூந்தன்குளத்தில் ஊருக்குள் இருக்கும் மரம் ஒன்றில் கூழைக்கடா வந்து இறங்குவதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். காற்றை எதிர்த்துத் தாழ்ந்து வந்து, கடைசி நொடியில் சிறகுகளைக் குடைபோல் விரித்து நிறுத்தி, நான்கு விரல்களும் சவ்வால் இணைந்த அந்தத் துடுப்புக் கால்களைக் கிளையை நோக்கி நீட்டும். நீந்துவதற்கென்றே அமைந்த பாதம் அது; பற்றிப் பிடிப்பதற்கு அதில் அதிகம் இல்லை. கால் பட்டவுடன் கிளை ஒரு முழம் தாழ்கிறது. பறவை முன்னும் பின்னும் ஆடி, அலகைத் தராசு முள்போல அசைத்துச் சமநிலை தேடுகிறது. பக்கத்துக் கூட்டிலிருந்து மஞ்சள்மூக்கு நாரை ஒன்று தன் அலகை அடித்துக் கண்டனம் தெரிவிக்கிறது. ஐந்து கிலோவுக்கே இந்தப் பாடு. பதினோரு கிலோப் பறவை ஒன்று இந்த வித்தையை ஆண்டுதோறும் மாதக்கணக்கில், இரை நிரம்பிய வயிற்றோடு நாளுக்குப் பல முறை செய்வதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. புள்ளி அலகு மரத்தில் கூடு கட்டுகிறது. டால்மேஷியன் தரையில் கட்டுகிறது.

தரை என்றால் வெறுந்தரை அன்று. நீர் சூழ்ந்த தரை. ஏரியின் நடுவே நாணல் மண்டிய தீவுகள், வேரோடு பெயர்ந்து மிதக்கும் நாணல் திட்டுகள் ஆகியவற்றில் நாணல் தட்டைகளையும் குச்சிகளையும் குவித்துச் சில வேளைகளில் ஒரு மீட்டர் உயரம்வரை மேடு எழுப்பி, எச்சமே அதற்குச் சாந்தாக, அதன்மேல் முட்டையிடும். பெரும்பாலும் 2 முட்டைகள். புள்ளி அலகின் கூடு குச்சிகளை அடுக்கிய தட்டையான மேடை. ஒரே மரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு பல கூடுகள். முட்டைகள் 3 அல்லது 4. அடைகாக்கும் காலம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரு மாதம்.

குஞ்சுகள் வளரும்போதுதான் மரத்துக்கும் தரைக்கும் உள்ள வேறுபாடு கூர்மையாகத் தெரிகிறது. தரையில் பிறந்த குஞ்சு சில வாரங்களிலேயே எழுந்து நடந்து, தன் வயதொத்தவற்றோடு கூட்டமாகச் சேர்ந்துகொள்ளும். வெயிலுக்கும் குளிருக்கும் பகைக்கும் அந்தக் கூட்டமே அரண். மரத்தில் பிறந்த குஞ்சுக்கு அந்த வாய்ப்பு இல்லை. பறக்கும்வரை, மூன்று மாதமோ அதற்கு மேலோ, அந்த மேடைதான் உலகம். உடன்பிறந்தது தள்ளியோ காற்று தள்ளியோ கீழே விழுந்தால் தாய்ப்பறவை இறங்கி வந்து ஊட்டுவதில்லை. ஆறடி கீழே, கண்ணுக்கு எதிரே கத்திக்கொண்டிருந்தாலும் அது கணக்கில் இல்லாத குஞ்சு.

ஊட்டும் காட்சியைப் பற்றி ஒரு சொல். குஞ்சு தாயின் திறந்த வாய்க்குள் தலையை நுழைத்து, கழுத்து முழுதும் உள்ளே போகும்வரை முண்டுகிறது. வெளியே இருந்து பார்த்தால் பெரியது சிறியதை விழுங்குகிறதா என்றே தோன்றும். உண்டு முடித்த குஞ்சு சில சமயம் தரைப்பட்டதுபோல் சாய்ந்து, சிறகுகளை அடித்துக்கொண்டு, தன் இறகையே கடித்து, வலிப்பு வந்ததுபோல் துடித்துவிட்டு, பின் ஒன்றும் நடக்காததுபோல் எழுந்து உட்காரும். முதன்முறை இதைப் பார்த்தபோது குஞ்சு செத்துவிட்டது என்று பதறிப்போனேன். பல கூழைக்கடா இனங்களில் இந்த நடத்தை பதிவாகியிருப்பதாகப் பிறகு படித்தேன். இன்னும் கொடு என்று கேட்கும் ஆர்ப்பாட்டம் அது என்று விளக்குபவர்கள் உண்டு. பிள்ளைகள் வளர்த்தவர்களுக்கு இந்த விளக்கம் ஏற்கத்தக்கதாகவே இருக்கும்.

மீன்பிடிப்பில் இரண்டுக்கும் பெரிய வேற்றுமை இல்லை. அமெரிக்கப் பழுப்புக் கூழைக்கடாவைப் போல வானத்திலிருந்து தலைகுப்புற நீரில் பாயும் வழக்கம் இரண்டுக்குமே கிடையாது. நீந்திக்கொண்டே அலகை நீருக்குள் செலுத்தினால், கீழலகின் எலும்புகள் வில்லாக வளைந்து விரிய, பை கைவலைபோல் திறந்து மீனையும் நீரையும் ஒருசேர அள்ளுகிறது. பிறகு அலகை மார்போடு அழுத்தி நீரை வடித்துவிட்டு, தலையை நிமிர்த்தி மீனை விழுங்குகிறது. பையில் மீனைச் சேமித்து எடுத்துச் செல்லும் என்பது பாடப்புத்தகப் படங்கள் நமக்குத் தந்த தவறான எண்ணம், சுமப்பது வயிறுதான். புள்ளி அலகைத் தனியாகவோ சிறு குழுவாகவோதான் அதிகம் பார்த்திருக்கிறேன். டால்மேஷியன் நீர்க்காகங்களோடு கூட்டுச் சேர்வதுண்டு: அவை அடியிலிருந்து கலைக்கும் மீன் மேலே வரும்போது இது அள்ளிக்கொள்ளும்.

ஆக, கூடுதான் வேறுபாடு என்று நான் முடிவுகட்டி வைத்திருந்தேன். எனக்கு முன்பே அறிஞர்கள் அதே முடிவுக்கு வந்து, அதே போலச் சறுக்கியும் இருக்கிறார்கள் என்று தெரிந்தபோது கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. நெடுங்காலமாகக் கூழைக்கடா இனங்களை இரண்டு கிளைகளாகப் பிரித்து வைத்திருந்தார்கள். வெண்ணிறமும் தரைக்கூடும் கொண்ட பெரியவை ஒரு பக்கம்: டால்மேஷியன், பெரிய வெள்ளை, ஆஸ்திரேலியக் கூழைக்கடா, அமெரிக்க வெள்ளை. சாம்பலும் பழுப்புமாக, மரத்திலோ கடற்பாறையிலோ கூடு வைப்பவை மறுபக்கம்: புள்ளி அலகு, ஆப்பிரிக்காவின் இளஞ்சிவப்பு முதுகுக் கூழைக்கடா, அமெரிக்கப் பழுப்பு, பெருவின் கூழைக்கடா. பார்வைக்கு எவ்வளவு ஒழுங்கான பகுப்பு! 2013இல் வெளியான மரபணு ஆய்வு இதைக் கலைத்துப் போட்டது. அமெரிக்கக் கண்டங்களின் மூன்று இனங்களும், வெள்ளையோ பழுப்போ, தரையோ மரமோ, தமக்குள் உறவு. பழைய உலகத்து இனங்கள் தனிக்கிளை. அதற்குள்ளும் புள்ளி அலகு, டால்மேஷியன், இளஞ்சிவப்பு முதுகு ஆகிய மூன்றும் நெருங்கிய உறவினர். பெரிய வெள்ளைக் கூழைக்கடா, டால்மேஷியனோடு ஒரே ஏரியில் கூடு கட்டினாலும், தள்ளிய உறவுதான்.

கூடு, குருதியுறவைச் சொல்லும் அடையாளமாகத் தோற்றுப்போனது. ஆனால் நெருங்கிய உறவினர் இருவர் எவ்வளவு வேறான வாழ்வை வாழ முடியும் என்பதற்கு அதுவே விளக்கம் என்ற என் எண்ணம் இதனால் தளரவில்லை, வலுத்தது. பிறப்பால் இவ்வளவு நெருங்கியவை, ஒன்று மரமேறியது, மற்றது தீவில் தங்கியது. அந்த ஒரு முடிவிலிருந்து மனிதனோடு அவற்றுக்கான உறவே வேறாகிவிட்டது.

மரத்தில் இருக்கும் பறவையை நாய் எட்டாது, நரி எட்டாது. எட்டக்கூடியவன் மனிதன் மட்டுமே. அவன் கல்லெறியாமல் இருந்தால் போதும். கர்நாடகத்தின் கொக்கரே பெள்ளூரில் வீட்டு வாசலில் நிற்கும் புளியமரங்களில் கூழைக்கடாக்கள் கூடு கட்டுகின்றன. கீழே விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் கொடுத்து வளர்த்துவிடும் ஏற்பாடும் அங்கு உண்டு. கூந்தன்குளத்தின் பெருங்கூட்டத்தை 1906இல் சி.இ. ரேனியஸ் பதிவு செய்தபோதே, ஊரார் அதைக் காத்துவந்ததும் பதிவாகியிருக்கிறது. அரசு அதைச் சரணாலயமாக அறிவித்தது 1994இல்தான். எச்சம் கரைந்த குளத்து நீரும் வண்டலும் வயலுக்கு உரம் என்பதால் இதில் ஊருக்கும் லாபம் உண்டு. அன்பு மட்டும் காரணம் என்று எழுதினால் அது அலங்காரமாகிவிடும். லாபம் மட்டும் என்று எழுதினால் விழுந்த குஞ்சுக்காக மீன் வாங்கும் கைக்கு அநீதியாகிவிடும். காப்பார் இல்லாத இடத்தில் இதே பறவைக்கு என்ன ஆகும் என்பதற்கு பர்மாவின் சிட்டாங் ஆற்றங்கரை சாட்சி. 1877இல் பறவையியலாளர் ஓட்ஸ் அங்கே எண்ணிலடங்காத கூழைக்கடாக்கள் மரங்களில் கூடு கட்டியிருந்ததைக் கண்டார். 1930களின் இறுதியில் தேடிப் போனவர்களுக்கு அந்தக் கூட்டம் இருந்த இடத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை.

தரையில் இருக்கும் பறவைக்கு மனிதனின் அண்மையே ஆபத்து. அடைகாக்கும் நேரத்தில் ஒரு படகு நெருங்கினால் போதும். டால்மேஷியன்கள் மொத்தமாக எழுந்து போய்விடும், முட்டைகள் காக்கைக்கும் குளிருக்கும் இரையாகும். மீனவர்களுக்கு அது போட்டியாளன். சதுப்பு நிலத்தை வயலாக்குபவர்களுக்கு அது ஒரு பொருட்டே அன்று. இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரியில் இரும்புக்கால ஏரிக்கரைக் குடியிருப்பைத் தோண்டியபோது அதன் எலும்புகள் கிடைத்தன. அவ்வளவு தூரம் பரவியிருந்த பறவை, ஐரோப்பாவில் இன்று பால்கன் பகுதியின் ஏரிகளிலும் டான்யூப் கழிமுகத்திலும் கருங்கடலைச் சுற்றியும் மட்டுமே கூடு கட்டுகிறது. அதற்குக் கிழக்கே ரஷ்யா, கஜகஸ்தான், மங்கோலியா. மங்கோலியாவில் குதிரையின் வியர்வையை வழித்தெடுக்க அதன் அலகே மேலான கருவி என்று மதிக்கப்பட்டதால், அங்குள்ள சிறு கூட்டம் வேட்டையில் மேலும் சிறுத்தது.

பல்கேரியாவின் ஸ்ரெபர்ணா ஏரியின் வரலாறு இந்தப் பறவையின் பலவீனத்தைத் துல்லியமாகக் காட்டுகிறது. 1940களின் இறுதியில் எழுப்பிய கரை, ஏரியை டான்யூப் ஆற்றிலிருந்து துண்டித்தது. ஆற்று வெள்ளம் வராத ஏரி ஆண்டுக்காண்டு தூர்ந்து, நீர் தாழ்ந்து, ஒரு கட்டத்தில் காட்டுப்பன்றிகள் கூடுகள்வரை வந்துவிடும் நிலை ஏற்பட்டது. 1992இல் யுனெஸ்கோ அதை ஆபத்திலுள்ள உலக மரபிடங்களின் பட்டியலில் சேர்த்தது. 1994இல் கால்வாய் வெட்டி ஆற்றோடு மீண்டும் இணைத்தார்கள். 2003இல் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். அதே 2003இல் கிரேக்கத்தின் கெர்கினி ஏரியில், மனிதர்கள் அமைத்துக்கொடுத்த மேடைகளில் டால்மேஷியன்கள் கூடு கட்டத் தொடங்கின. மரமேறத் தெரியாத பறவைக்கு மனிதர்கள் நீருக்குள் திண்ணை கட்டிக்கொடுத்தார்கள் என்று இதை நான் எனக்குள் சொல்லிக்கொள்வதுண்டு.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் இரண்டும் இப்போது 'அச்சுறுத்தலை அண்மித்தவை' என்ற ஒரே பிரிவில் இருக்கின்றன. புள்ளி அலகு 2007 முதல், டால்மேஷியன் 2017 முதல். இரண்டும் மோசமான நிலையிலிருந்து ஏறி அங்கு வந்தவை. கூட்டமாகக் கூடு கட்டுவதன் விலையை மட்டும் இரண்டும் ஒன்றுபோலவே கொடுக்கின்றன. 2017-18இல் கொக்கரே பெள்ளூரில் மீன்வழி வந்த உருளைப்புழுக்களால் கூழைக்கடாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக மரத்திலிருந்து விழுந்து இறந்தன. 2022இல் கிரேக்கத்தின் மிக்ரி பிரெஸ்பா ஏரியில், டால்மேஷியன்களின் உலகிலேயே மிகப் பெரிய குடியிருப்பில், பறவைக் காய்ச்சல் புகுந்து, சில வாரங்களில் 1700க்கும் மேற்பட்ட முதிர்ந்த பறவைகளைக் கொன்றது. பல ஆண்டுப் பாதுகாப்பில் ஒவ்வொன்றாகக் கூட்டிய எண்ணிக்கை அது.

உண்மையான டால்மேஷியனை நான் பார்த்தது ஜாம்நகருக்கு அருகே கிஜாடியாவில், ஒரு ஜனவரிக் காலையில். நன்னீரையும் உப்புநீரையும் பிரிக்கும் கரை ஒன்றின்மேல் நடந்துகொண்டிருந்தேன். மூன்று பறவைகள் கரையோரமாக மிதந்து வந்தன. பக்கத்தில் நீந்திய நீர்க்காகம் அவற்றின் முன் வாத்துக்குஞ்சாகத் தெரிந்தது. இந்த முறை கேள்விக்குறிக்கு வேலை இருக்கவில்லை. எண்ணெய் காணாத தலைபோலப் பிடரி முழுதும் வெள்ளிச் சுருள்கள் கலைந்து நின்றன. காலை வெயில் பக்கவாட்டில் விழுந்ததால், நான் நம்பமாட்டேன் என்று மேலே எழுதிய அந்த வெளிர்மஞ்சள் கண்ணும் தெரிந்தது. தொலைவு முப்பது மீட்டர்கூட இல்லை. என்னைக் கண்ட மாத்திரத்தில் மூன்றும் எழுந்தன. இரண்டு கால்களையும் சேர்த்து நீரில் உதைத்து, உதைத்து, ஒவ்வொரு உதைக்கும் நீரில் ஒரு பள்ளம் விழ, நெடுந்தூரம் ஓடித்தான் அவற்றால் மேலே ஏற முடிந்தது. மேலே ஏறிய பிறகு அந்தக் கனம் எங்கே போனதோ, கழுத்தை மடித்துத் தோள்மேல் சாய்த்துக்கொண்டு, சிறகசைக்காமல் வட்டமிட்டு உயர்ந்து போயின. கூந்தன்குளத்தில் என் தலைக்கு மேலுள்ள கிளையிலிருந்து என்மீதே எச்சமிட்டுவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்த பறவையை நினைத்துக்கொண்டேன்.

அடுத்த பிப்ரவரியில் மறுபடியும் கூந்தன்குளம் போனேன். அதே பறவைதான் என்று சொல்ல வழியில்லை. ஆனால் கருவேல மரத்தின் தாழ்ந்த கிளையில், அலகின் ஓரத்தில் ரப்பரால் பாதி அழித்த பென்சில் குறிபோல மங்கலான புள்ளிகளோடு ஒன்று உட்கார்ந்திருந்தது. பெரியவரும் இருந்தார். கைப்பேசியில் டால்மேஷியனின் படங்களைக் காட்டினேன். படத்தை விரலால் பெரிதாக்கி, தலையை மட்டும் நெடுநேரம் பார்த்தார்.

"சீவாத தலை மாதிரிலா இருக்கு. இது எந்த மரத்துல கூடு வைக்கும்?"

"மரத்துல வைக்காது அண்ணாச்சி. தரையிலதான்."

"தரையிலயா? நாய் நரி விட்டு வைக்குமா?"

"சுத்திலும் தண்ணி. நடுவுல நாணல் தீவு. நீந்தித்தான் போகணும்."

கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். அந்த ஆண்டு மழை குறைவு. வாய்க்காலிலும் தண்ணீர் வந்திருக்கவில்லை. கரையோரத்து மரங்களின் அடியில் நீர் விலகி, சேறு காய்ந்து, ஓடு ஓடாக வெடித்திருந்தது. சென்ற ஆண்டு கூடுகள் நெருக்கியிருந்த மரங்களில் இப்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தன. பெரியவர் அந்த வெடிப்புகளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"தண்ணி வத்துனா?"